கடலுக்கு ஒரு கட்டம்

விமானம் நகர்வதேயில்லை.
சொன்னால் நம்பமாட்டீர்கள்.
திரையின் அடியில் சும்மா நிற்கும்,
தள்ளினால் இடமோ வலமோ கொஞ்சம் ஒதுங்கும்.
பூமிதான் மேலிருந்து வழியும்
வரிசை வரிசையாக,
வரிசைக்கு இருபத்தெட்டுக் கட்டம்.

அந்தக் கட்டங்களை வரைந்தவன் நான்.
எண்பத்தெட்டு, ரிச்சி ஸ்ட்ரீட், இரண்டாம் மாடி.
பழைய சாலிடேர் டிவி ஒன்றை
ஒருக்களித்துப் படுக்கவைத்து
"இனிமே இதுதான் உயரம்" என்றான் ஆசீர்.
அவன் இசட்-எண்பதோடு மட்டும் சரளமாகப் பேசுவான்.
"எதை வரையட்டும்?"
ஜன்னலைத் திறந்தான். வாடை வந்தது.
ஆறு என்று முடிவானது.

சிந்தாதிரிப்பேட்டையில் தொடங்கி
நேப்பியர் பாலம்வரை
மேலேயிருந்து தெரிகிற மாதிரி.
(மேலே போனவர் எங்களில் யாருமில்லை.)
கூவத்துக்கு அதன் நிறத்தையே கொடுத்தால்
பெட்டி அணைந்துவிட்டதென்று
காசைத் திருப்பிக் கேட்பார்கள்.
நீலம் கொடுத்தேன்.
எந்த அரசாங்கமும் செய்யாததை
பதினாறு பைட்டில் செய்தேன்.

தப்பு வந்தால் சில்லை அழிக்க வேண்டும்.
புற ஊதா விளக்குக்குப் பணமில்லை.
மொட்டைமாடியில், கத்திரி வெயிலில்,
கண்ணாடிக் கண்கள் வானம் பார்க்க
பதினான்கு சில்லுகளைப் பரப்பினோம்.
"என்ன தம்பி காயுது?" பக்கத்து மாடி.
"காயலீங்க, மறக்குது" என்றான் ஆசீர்.
ஓர் ஆட்டம் மறக்க ஒரு வாரமாகும்.

முதலாளி தனகோட்டியின் விதி ஒன்றே ஒன்று:
ஒரு டோக்கனுக்கு மூணு நிமிஷம்,
நாலாவது நிமிஷம் எவனும் உயிரோட இருக்கக் கூடாது.
ஆசீர் ஓர் எண்ணை ஒளித்துவைத்தான்.
சுடச் சுட அது ஏறும்,
ஏற ஏற எதிரிகள் பெருகுவார்கள்.
'ஆத்திரம்' என்று அதற்குப் பெயர் வைத்தான்.
பையன்கள் சுட்டார்கள்.
சிவப்புப் பொத்தான் இருந்தால் யார்தான் சுடமாட்டார்கள்.
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.
தனகோட்டி எங்களுக்கு பிரியாணி வாங்கித் தந்தார்.

தீவுத்திடல் பொருட்காட்சி, ஜனவரி.
ராட்டினம் நின்றபிறகு, இரவு பத்தரைக்கு,
டோக்கன் கவுண்டர் மெகருன் பெட்டி முன் வந்து நின்றாள்.
வலது கையில் டீ.
இடது கையால் மட்டும் ஆடினாள்.
பொத்தானைத் தொடவேயில்லை.
ஆத்திரம் பூஜ்யத்திலேயே கிடந்தது.
எப்போதாவது ஓர் எதிரி
விலாசம் விசாரிக்க வந்தவன்போல் வந்தான்.
இவள் ஒதுங்கினாள், அவன் போனான்.
நான் வரைந்ததை முதன்முதலாக ஓர் ஆள்
முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தது.
சலவைத்துறை, பாதி மூழ்கிய படகு,
ஒரு வெள்ளைப் புள்ளி.
"இது கொக்கா, குண்டா?"
கொக்கு என்றேன்.
தொண்டை சரியில்லை எனக்கு.

நேப்பியர் பாலம் தாண்டியதும்
அட்டவணை தீர்ந்தது.
ஆசீரின் நிரலே படமாக வழிந்தது:
உடைந்த எழுத்துகள், அரை இறக்கை,
தலைகீழ் ஏழுகள்.
"கடல் எங்க?"
மெமரி இல்லை என்றேன்.
டீயைக் கீழே வைத்தாள்.
"கடலுக்கு எதுக்குங்க மெமரி?
ஆத்துக்குப் போட்ட அதே நீலக் கட்டம்தானே.
போட்டுக்கிட்டே இருங்க."

ஒரே ஒரு புதுச் சில்லு மிச்சமிருந்தது.
பதினோரு பைட் போதுமானதாயிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கடலுக்குப் போனாள்.
இருபத்தைந்து நிமிடம்.
எங்கும் ஒரே நீலமாகிவிட்டால்
பூமி வழிவதும் தெரியாது.
நான், அவள், விமானம்,
மூவரும் அசையாமல் நின்றோம்.
திடலுக்கு அப்பால் நிஜ அலை மட்டும்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

மதிப்பெண்: பூஜ்யம்.
பெட்டி அவள் பெயரைக் கேட்கவில்லை.

மார்ச்சில் தனகோட்டி அதை ஏற்காட்டுக்கு விற்றார்.
சில்லின் கண்ணில் காகிதம் ஒட்டித்தான் அனுப்பினேன்,
வெயில் படாமலிருக்க.
மைதாப் பசை.
அதுதான் கொஞ்சம் கவலை.