சான்றுப்பொருள் எண் 7

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி.
அட்டையில் யூரியா மூட்டை.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் பெயர்.
குருத்துப்பூச்சிப் பக்கத்தில் தொடங்கினேன்:

செனகல். நாலு பேர், ஒரு பெண் குரல்.
மொத்தம் ஏழு பாட்டு. மூன்றாவதில்
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
அதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
எட்டு.

மூணாறு தலைப்புக்குக் கிழக்கே
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை,
பருவத்துக்கு மட்டும்.
லாரி வராத இரவுகளில்
சிப்பங்களின் மேல் தார்ப்பாய் விரித்துப் படுத்து
நாளுக்கு ஒரு ஆல்பம், கேட்காதது மட்டும்.
இடையில் தாண்டக்கூடாது.
முடிந்த கையோடு எழுதிவிட வேண்டும்.
மறுநாள் திருத்தக்கூடாது.
எல்லாம் நானே போட்ட சட்டம்.
மாதிரி நெல்லை உள்ளங்கையில் அள்ளி
கருக்காயை ஊதிப் பார்ப்பதைப் போல என்று
பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

போர்ச்சுகல் கிதார், ஆறரை. அழுகை கொஞ்சம் ஜாஸ்தி.
சென்னைப் பையன்கள் மூவர், ஐந்து.
டிரம்ஸ் அடிப்பவன் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை.
கொரியாவில் ஒருவர் வெறும் மழையைப் பதிவுசெய்து
நாற்பது நிமிடம் விட்டிருக்கிறார்.
அன்று இங்கேயும் மழை.
எது எவருடையது என்று பிரிக்க முடியாமல்
மதிப்பெண் போடவில்லை.

பிப்ரவரி பதினொன்று.
பூங்காவனத்துக்குத் தன் குவியலோடு நான்காவது இரவு.
ஈரமானி பத்தொன்பது காட்டுகிறது,
பதினேழு வரைதான் வாங்கலாம்.
"என்னா எழுதுற, என் கணக்கா?"
ஹெட்போனின் ஒரு காதைக் கொடுத்தேன்.
பின்லாந்து. கிளாரினெட் மட்டும்.
கொசுவை அடித்துக்கொண்டே கேட்டாள்.
"பசிச்சவன் ஊதுற மாதிரி இல்ல.
சாப்டுட்டு, கை கழுவ எந்திரிக்காம
உக்காந்திருக்குற மாதிரி இருக்கு."

அப்படியே எழுதி, பக்கத்தில்
பூங்காவனம், 19 என்று போட்டேன்.
அது ஈரமா மதிப்பெண்ணா,
எனக்கு இன்றைக்கும் தெரியாது.
விடிந்ததும் வியாபாரி வண்டி வந்தது.
சொன்ன விலைக்கு ஏற்றிவிட்டுப் போனாள்.

மார்ச்சில் ஜீப் வந்தது.
இழுப்பறை, தராசின் அடி, என் சட்டைப்பை,
கடைசியில் டைரி.
"எட்டு யாருக்கு? ஆறரை யாருக்கு?
நூத்துலயா ஆயிரத்துலயா?"
"பாட்டு சார்."
"செனகல் எந்த ஊர் ஆளு?"
சுமைதூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்திருப்பேன்,
அடுத்து அவர் பூங்காவனம் பத்தொன்பதைக் கேட்காமல் இருந்தால்.

மூட்டைக்கு நாற்பது என்பதை
யாரும் எங்கும் எழுதுவதில்லை.
நாற்பது வந்தால் பத்தொன்பது பதினேழாக இறங்கும்,
ஈரமானிக்கும் அது பழகிவிட்டது.
மேலே போக, அதற்கும் மேலே போக,
என் பங்கு நான்கு ரூபாய்.
விளம்பரம் இல்லாமல் பாட்டுக் கேட்கச்
சந்தா கட்டியது அதில்தான்.
அவளிடம் நாற்பது இல்லை.
நான் கேட்கவும் இல்லை, அதை நல்ல குணம் என்று
கொஞ்ச நாள் நம்பினேன்.

வழக்கு நிற்கவில்லை.
குறுவைக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.
கோரையாற்றில் தண்ணீர் வந்த வாரம்
டைரியும் வந்து சேர்ந்தது:
சான்றுப்பொருள் எண் 7 என்று சீட்டு,
பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, கோணலாக.

செனகலில் என் எட்டுக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒன்பது.
நாற்காலியின் அடியில் கோடிட்டு
சின்ன எழுத்தில்:
நாற்காலி இல்லை, கதவு.

சட்டத்தை மீறி இரண்டாம் தரம் கேட்டேன்.
கதவுதான்.
திறக்கிறதா சாத்துகிறதா என்று
மூன்றாம் தரம்.

வேறு பக்கங்களிலும் பென்சில் இருந்தது.
போர்ச்சுகலுக்கு அரை கூட்டியிருந்தார்,
மழைக்கு ஒரு கேள்விக்குறி.
பூங்காவனத்தின் பக்கத்தில்
முத்திரை மட்டும்.