ஏழாவது புள்ளி

ஏப்ரல். தண்ணீர் நான்கு டிகிரி.
முகமூடிக்கும் தலையுறைக்கும் நடுவே
விரற்கடை அளவு தோலை முதலில் கடித்தது கடல்.
பிறகு எனக்கு அங்கே தோலே இல்லை.

பதினெட்டு மீட்டரில், இடப்பக்கம் சாய்ந்து, 'ஹெர்போர்க்'.
எண்ணெய்த் தொட்டி இன்னும் நிறைந்தே இருக்கிறதாம்.
எனக்குச் சின்ன வேலை:
படத்தில் குறித்த பன்னிரண்டு இடங்களில்
தகட்டின் கனத்தை அளக்க வேண்டும்.
ட்ரோம்ஸோவில் ஒருவர் அந்த எண்களை வைத்து
எந்த வருடம் உடையும் என்று கணக்குப் போடுவார்.

அளக்க, இரும்பைத் தொட வேண்டும்.
இரும்பு எங்கே இருக்கிறது?
வெள்ளையும் ஆரஞ்சுமாய்க் கடற்சாமந்தி,
அதன் இடுக்கெல்லாம்
செத்தவன் கை என்று இங்கே பெயர் வைத்த மென்பவளம்.
உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன்.
சாமந்திகள் முஷ்டியாகச் சுருங்கி உதிர்ந்தன.
உதிர்ந்ததைத் தின்ன
கறிக்கடை வாசலில் நிற்பவர்களின் பொறுமையோடு
என் தோளருகே நின்றன காட் மீன்கள்.

ஒன்று: ஒன்பது மில்லிமீட்டர்.
இரண்டு: எட்டரை.
மூன்றாவதில்
பாய்லர் வாயிலிருந்து முகம் நீட்டியது ஓநாய்மீன்.
கடல் முள்ளெலிகளைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல்.
வீட்டு வரி கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல
முடிக்கும்வரை என்னையே பார்த்தது.
ஆறில் மூன்றுதான்.
கத்தியால் தட்டினேன்.
காய்ந்த ரொட்டியின் சத்தம்.

ஏழில் அவன் இருந்தான்.
சிவந்து, குண்டாய்,
வயிற்று உறிஞ்சியால் தகட்டைப் பற்றியபடி.
ஆணை ரோங்கால் என்பார்கள். பெண்ணுக்கு வேறு பெயர்;
அவள் முட்டையிட்டு ஆழத்துக்குப் போய் வாரக்கணக்காயிற்று.
வேகவைத்த ஜவ்வரிசிபோல் ஒரு திட்டு.
தின்னாமல் கொள்ளாமல் அதன்மேல்
வாயால் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தான்.
சுரண்டியைக் காட்டினேன்.
விரலால் தள்ளினேன்.
இன்னும் இறுகினான், அவ்வளவுதான்.

பலகையில் பென்சிலால் எழுதினேன்:
ஏழு – ஆள் இருக்கு.

மிச்சம் ஐந்தையும் அளந்துவிட்டு
ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து எட்டு நிமிடம் தொங்கினேன்.
விரல்களை மனசுக்குள் எண்ணினேன். எட்டுதான் வந்தது.

படகில் ஐலெர்ட் பலகையை வாங்கினார்.
ஒன்பது, எட்டரை என்று முணுமுணுத்து வந்த உதடு
ஏழில் நின்றது.
மெல்லத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

ஐயோ, அப்படியில்லை என்று சொல்லப் பார்த்தேன்.
வாய் மரத்துப்போய் வார்த்தை எச்சிலாக வழிந்தது.
இரண்டு கையையும் குவித்து
இவ்வளவுதான், இத்தனை சின்னதுதான் என்று காட்டினேன்.

அளவைப் பார்த்ததும்
அவர் முகம் இன்னும் வெளுத்தது.