பதினொரு மீட்டர்

வரைபடத்தில் ஒரு நீலக் கோடு.
பக்கத்தில் அரபியில் பொடி எழுத்து:
குடிநீர், அறுநூறு மில்லிமீட்டர், எண்பத்தேழாம் வருடம்.
வரைந்தவன் கையெழுத்து மங்கிவிட்டது.
எந்த ஊர்க்காரனோ.
சாலையிலிருந்து முப்பது மீட்டர் என்று எழுதி
முத்திரை வாங்கி
விமானம் ஏறியிருப்பான்.

ஃபுஜைராவுக்கு மேற்கே, சிஜியைத் தாண்டிய மலை.
கறுங்கல்.
கப்பலேறிப் போய்க் கடலில் விழுந்து
யாருக்கோ கரையாகிற கல்.
அதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று
கோடு போடுவது என் வேலை.
இசக்கியப்பன், சுரங்கத் திட்டம்,
இரண்டு வருட விசா.

குழாய்க்கு முந்நூறு.
சாலைக்கும் அவ்வளவே.
முப்பத்துமூன்று கிலோவோல்ட் கம்பங்களுக்குத் தனிக் கணக்கு,
கம்பத்துக்குக் கம்பம் எண் போட்டு.
திட்ட அறிக்கையில் இதற்குப் பெயர் பாதுகாப்பு இடைவெளி.
எங்கள் தாலுகா ஆபீஸில் கேட்டால்
புறம்போக்கு என்பார்கள்:
யார் பேரிலும் பட்டா இல்லை,
எல்லோருக்கும் அதில் ஒரு கண்.

மேலாளர் ஹைத்தம் அம்மான் நகரத்துக்காரர்,
சிரிக்கத் தெரிந்தவர்.
"இசக்கி, இந்த மலையின் நல்ல கல்லெல்லாம்
நீ விட்டுவைத்த இடத்தில்தான் படுத்திருக்கிறது."

பொய்யில்லை. துளை மண் பார்த்தேன். அங்கேதான்.

இயந்திரம் தொடக்கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும்.
சந்திரமான் தாமாங் தோண்டினான்.
முப்பதாவது மீட்டரில் சரளை.
சரளைக்குக் கீழே நசுங்கிய பெப்சி டின்.
அதற்கும் கீழே சரளை.
இன்னொரு குழி. இன்னொன்று.
ஐந்தாவதில் மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு
உள்ளங்கையால் மண்ணை ஒதுக்கினான்.
கருப்பு வளைவு தெரிந்தது.
காதை வைத்தான்.
"சல் ரஹா ஹை, சாப்."
நானும் இறங்கி வைத்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது,
எந்தச் சமையலறைக்கோ, எந்தத் தொழுகைக்கு முன்னோ,
எங்கள் கேம்ப் குளியலறைக்கும்தான்.

சாலையிலிருந்து நாற்பத்தொன்று.
மலைப் பக்கமாக, எங்கள் பக்கமாக,
பதினொரு மீட்டர் தள்ளி.

பதினொன்றைத் தொள்ளாயிரத்தால் பெருக்கு,
அறுபது மீட்டர் ஆழத்தால் பெருக்கு,
கல்லின் எடையால் பெருக்கு.
பதினேழு லட்சம் டன்.
கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினேன்.
எண்பத்தேழில் வரைந்தவனை நம்பியிருந்தால்
ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹைத்தம் வெகுநேரம் குழியைப் பார்த்தார்.
"படத்தில் முத்திரை இருக்கிறது. குழியில் இல்லை."
இல்லைதான்.
"மூடிவிட்டால்?"
"மூடத்தான் போகிறோம் சார்.
போட்டோ எடுத்து முனிசிபாலிட்டிக்கு அனுப்பியாயிற்று."
அன்று அவர் சிரிக்கவில்லை.
சாயா வந்தது, குடித்தார்,
என் கோப்பைக்கும் ஊற்றினார்.

கோட்டை அழித்துப் பதினொரு மீட்டர் உள்ளே போட்டேன்.
வளைவில் கொஞ்சம் கூடவே விட்டேன்,
அங்கே லாரிகள் தூசியோடு திரும்பும்,
எதிரே வருகிறவனுக்குக் கண் தெரியாது.
கீழே என் பெயர்.
யாரும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கும்படி.

நடக்காமல் போனதற்கு ரசீது கிடையாது.
வெடிக்காத குழாயை யாரும் வந்து பார்ப்பதில்லை.
உடையாத கண்ணாடிக்கு எந்த ஓட்டுநரும்
நன்றி சொல்லிப் போனதாக நான் கேட்டதில்லை.

முதல் வெடி ஒரு செவ்வாய், பகல் ஒரு மணி.
இரு முனையிலும் சிவப்புக் கொடி,
சாலை நான்கு நிமிடம் நின்றது.
குழாயின் மேல் அதிர்வுமானியைப் பதித்துவிட்டு
ஓடி வந்து நின்றேன்.
சைரன்.
தரை ஒருமுறை செருமிக்கொண்டது.
கம்பிகள் லேசாக ஆடி நின்றன.
மானியில் நான்குக்கும் குறைவு.

வரிசையில் முதலாவதாகத் தண்ணீர் டேங்கர்.
குல் ஜமான் இறங்கி
சிகரெட்டைப் பாதி இழுத்திருந்தான்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"இதற்கா நிறுத்தினாய்?"
ஏமாந்த முகத்தோடு சிகரெட்டை மிதித்துவிட்டு
ஏறிப் போனான்.