தனித்தேர்வர்

முகாமில் ஒருநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: தேர்வு.
அலுவலகத்து ஹஃபீஸ்
'மறுபடியுமா' என்று கேட்கவில்லை.
முத்திரையை மட்டும் சத்தமில்லாமல் வைத்தான்.

பல்கலைக்கழகம் கேட்பது முதல் எழுத்து.
என்னிடம் இருப்பது நான்காவது.

சென்ற முறை வேதியியல், இரண்டாம் தாள், நான்காம் கேள்வி.
பென்சீன் வளையம் ஒன்று வரையவேண்டும், அவ்வளவுதான்.
ஐந்து பக்கம் போட்டுவிட்டேன்.
ஆறாவதில் கை நின்றுகொண்டது.
மூடாத அந்த வாசல் வழியாக
இருபத்தைந்து நிமிடம் வெளியே நடந்து போனது.
மிச்சக் கேள்விகள் என்னவென்று இன்று கேட்டால் தெரியாது.
மண்டபத்தில் மின்விசிறி எத்தனை, கேளுங்கள்:
பதினெட்டு. ஒன்று சுற்றவில்லை.

"நாலு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணி நிறுத்து"
என்றாள் அக்கா, கைபேசியைப் பார்த்தபடி.
எண்ணினேன்.
ஐந்தில் போரான் வந்தது, ஆறில் கரிமம்,
ஏழில் நைட்ரஜனோடு வியர்வையும்.
சுடுதளத்தில் சார்ஜன்ட் சொன்னது வேறு:
பாதி மூச்சில் நிறுத்து, விசையை அழுத்து.
அங்கே பலித்தது.
மேசையில் யாரைச் சுடுவது?

செப்டம்பரில் எங்கள் ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில்
மூன்று இரவு ஒரு சாவு.
வெள்ளைத் துணிப் பந்தல், சேகண்டி, ஊதுபத்தி,
பத்தாம் மாடி வரை ஏறி வந்த மந்திரம்.
சத்தம் தாளாமல் சத்தத்துக்குள்ளேயே இறங்கிப் போய்
தூணுக்கு இந்தப் பக்கக் கல்மேசையில்
பழைய தாளோடு உட்கார்ந்தேன்.
இறந்தவருக்கு என்ன உறவோ, ஒரு மாமா
கடலை உரித்தபடி சீட்டாடிக்கொண்டிருந்தார்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்க அங்கே வேறொருவர் இருந்தார்.

அன்று வேண்டுமென்றே வளையத்தை
ஐந்து பக்கத்தோடு விட்டேன்.
அடுத்த கேள்விக்குப் போனேன்.
முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது,
திரும்பவில்லை.
மறுநாள் ஒரு கூட்டலை விட்டேன்,
அதற்கு மறுநாள் ஒரு வாக்கியத்தைப் பாதியில்
மூன்று இரவும் படித்தேன் என்று சொல்ல முடியாது;
விட்டுவிட்டுப் போகப் பழகினேன்.
காலையில் பந்தலைப் பிரித்தார்கள்.
தரையில் கடலைத் தோல்.

இன்று மழை.
ரயிலில் சீருடைப் பிள்ளைகள் குறிப்புகளைப் புரட்டினார்கள்.
அவர்களுக்கெல்லாம் தலையில் முடி இருக்கிறது.

"கால்குலேட்டரின் நினைவை அழியுங்கள்"
என்றார் மேற்பார்வையாளர்.
அழித்துக் காட்டினேன், கால்குலேட்டருடையதை.

திருவருள் த/பெ மாசிலாமணி:
பெயரே கோணல்மாணலாக விழுந்தது.
போகட்டும், பெயருக்கு மதிப்பெண் இல்லை.

நான்காம் கேள்விக்காகக் காத்திருந்தேன்.
அது இரண்டிலேயே வந்துவிட்டது, வேறு முகத்தோடு.
வயிற்றுக்குள் மின்தூக்கி அறுந்தது.
மேலே பார்த்தேன்.
குளிரூட்டி. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.
பாதியில் விட்டேன்.
மூன்று, நான்கு, ஐந்து
நடுக்கத்தையும் கூட்டிக்கொண்டே போனேன்.
கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது
இரண்டாம் கேள்வி அங்கேயே இருந்தது,
கோபித்துக்கொள்ளாமல்.
கொஞ்சம் எழுதினேன். முழுதாக இல்லை.

வாசலில் விடைகளை ஒப்பிட்டார்கள்.
நான் நிற்கவில்லை.
கோப்பிக்கடையில் தே ஓ;
கோப்பை தட்டின்மேல் தாளம் போட்டது.
ஹஃபீஸுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
'இன்னும் இரண்டு தாள் இருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்கும் ஒரு முத்திரை வை.'