எட்டாம் மேசை

வெள்ளிக்கிழமைகளில் நான் வெறும் டிரைவர்.
மங்காஃபிலிருந்து அஹ்மதி
சிக்னல் விட்டால் பத்து நிமிடம்.
மகனைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு
கோனோகார்பஸ் நிழலில் வண்டியை நிறுத்தி
இருக்கையைச் சாய்த்துத் தூங்குவேன்.
ஞானோபதேசம் அவனுக்கு.
எனக்கு, ராத்திரி ஷிப்ட் எரிக்கிற கண்.

இந்த வருடம் மிராண்டா டீச்சர்
கண்ணாடியைத் தட்டினார்.
விரலெல்லாம் மார்க்கர் மை.
"புதுநன்மை வாங்கப்போவது உங்கள் மகன்தான்.
வீட்டில் மற்றவர்கள் அன்றைக்கு
பட்டினியா?
மாதத்தில் ஒரு வெள்ளி
முழுக் குடும்பமும் உள்ளே வர வேண்டும்."
அவர் ஆங்கிலத்தில் சொல்ல
நான் தமிழில் தேடினேன்,
தப்பிக்க ஒரு சொல் அகப்படவில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலி.
முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம்
நான், ஜெனோவா, நடுவில் ஜோவின்.
கோவாக்காரர்களுக்கு ஆறு, மங்களூர்க்காரர்களுக்கு ஏழு,
தமிழ் வீடுகள் எட்டாம் மேசைக்கு என்று
பட்டியல் போட்ட புண்ணியவான்
எங்கள் கதை அறியாதவர்.

எதிரில் ரெமிஜியுஸ்.
ஜெனோவாவின் கூடப்பிறந்த அண்ணன்.
என் தம்பிக்கு விசா என்று வாங்கின
எண்ணூறு தினாருக்கு
மூன்று வருடமாய் "அடுத்த மாசம்" சொல்கிறவர்.
அவர் முகத்துக்காகவே
மாலைப் பூசையைக் காலைக்கு மாற்றினேன்.
அவர் பின்வாசலில் இறக்குவார் என்று
நான் முன்வாசலில் இறக்கினேன்.
ஆண்டவர் இரண்டு பூசையிலும் இருக்கிறார்,
அது ஒரு வசதி.

வேலை இதுதான்:
வீட்டு மொழியில் பரலோக மந்திரம்,
ஆளுக்கொரு வரி, பக்கத்தில் ஒரு படம்.
நான் சொல்லச் சொல்ல
அவர் மகள் அலோன்சா
ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள்.
"பொறுப்பது போல" வந்ததும்
எனக்கு நாக்கு இடறியது.
நாற்பது வருடமாய்
மூச்சுவிடாமல் தாண்டிப்போன இடம்.

"பொறுப்புன்னா ரெஸ்பான்சிபிலிட்டி தானே?"
இது ஜோவின்.
"இல்லடா லூசு,
பொறுக்குறதுன்னா கீழ கிடக்கிறத எடுக்கிறது."
இது அலோன்சா.
"பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கிறது" என்றாள் ஜெனோவா,
இரண்டு பக்கமும் பார்க்காமல்.
மன்னிப்பது என்று
பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை.
ரெமிஜியுஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.
சீவிச் சீவி அது
சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

அலோன்சா தன் அர்த்தத்தையே வரைந்தாள்:
மணலில் குனிந்து எதையோ எடுக்கிற ஓர் ஆள்.
சட்டைக்கு நீலம் தீட்டும்போது
கிரேயான் உருண்டு மேசைக்கு அடியில் போனது.
அவர் குனியட்டும் என்று நான்.
நான் குனியட்டும் என்று அவர்.
ஒன்பதாம் மேசையிலிருந்து தவழ்ந்து வந்த
பிலிப்பீனோ குழந்தை
அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

ரெமிஜியுஸ்தான் எழுந்தார்.
அதன் தாடையை மெல்ல அழுத்தி வெளியே எடுத்து
எச்சிலைத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்தார்.
நீலமாய் ஒரு கோடு.
"இந்தாங்க மருமகனே" என்று
ஜோவின் முன்னால் வைத்தார்.
ஜெனோவா என் முகத்தைப் பார்த்தாள்.
நான் சுவரில் ஒட்டியிருந்த நோவாவின் பேழையை,
வரிசையில் நிற்கிற ஒட்டகச்சிவிங்கிகளை,
எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவள் வண்டியில் சொன்னாள்:
"அந்தக் கறை போகாது.
அண்ணிக்கு வெந்நீர்ல ஊற வைக்கத் தெரியாது."
எண்ணூறு எண்ணூறுதான் என்றேன்.
யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

அடுத்த வெள்ளி குடும்ப வகுப்பு கிடையாது.
அதே நிழல். இருக்கையைச் சாய்த்தேன்.
இரண்டு வண்டி தள்ளி
இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் நிற நிசான்.
பின்வாசலில் நிற்கிற வண்டி.

அங்கே வெயிலாக இருக்கும்
என்று சொல்லிக்கொண்டு
கண்ணை மூடினேன்.
தூக்கம் வரவில்லை.