பெயர் மாற்றம்

யாருக்கென்று எழுதுவது?
'கதவு எண் 4-117-ல்
இப்போது குடியிருப்பவருக்கு, நகரி.'
தெலுங்கில் பெயர்த்துத் தந்தது
பார்சல் ஆபீஸ் சிட்டிபாபு.
"என்ன வேணும்னு எழுதவேயில்லையே மேடம்?"
ஒன்றும் வேண்டாம் என்று எழுது.
"அப்படி எழுதினா
பயந்துருவாங்க."

எழுதினோம்.
பங்கு கேட்டு அல்ல.
எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை.
என் தாத்தா துளசிங்கம்
அங்கே இருந்தார்.
அவ்வளவுதான்.

எல்லைக்கோடு வந்து
வீட்டை எடுத்துக்கொண்டது என்பார்கள் எங்கள் வீட்டில்.
பென்சில் இரண்டு நூல் வடக்கே போயிருந்தால்
இன்னும் அங்கேதான் இருப்போம் என்று
சாப்பிடும்போதே அப்பா
தட்டில் விரலால் கோடு கிழித்துக் காட்டுவார்.
ரசம் உடனே அதை மூடிவிடும்.

பதினோரு வாரம் பதில் இல்லை.
பிறகு போனில் ஒரு படம்,
ஒரு வார்த்தை கூட இல்லாமல்:
கரண்ட் பில்.
வட்டவட்டமாய் எழுத்துகள்,
முறுக்குத் தட்டுபோல.
சிட்டிபாபு குனிந்து கூட்டிப் படித்தான்,
"து, ள, சிங், கம்.
முந்நூத்திப் பன்னெண்டு ரூபா பாக்கி, மேடம்."

எழுபத்தெட்டில் செத்துப்போன மனிதர்
போன மாதம்
நூற்றுநாற்பது யூனிட் எரித்திருக்கிறார்.

அன்று ராத்திரியே குரலும் வந்தது. ஹைமாவதி.
பாதி தெலுங்கு, பாதி தமிழ்.
மாமனார் வாங்கினப்போ மாத்தலையாம்.
அப்புறம் அரவம் பேசறவங்க எங்க போனாங்கன்னே தெரியலையாம்.
மோட்டார் வெச்ச தையல் மிஷின் மூணு போடணும்,
லோடு ஏத்தணும்,
ஆபீஸில் வாரிசு கையெழுத்து கேக்கறாங்க,
"மீரு வஸ்தாரா அக்கா?"

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
பொன்பாடி தாண்டி,
பெயர்ப்பலகைக்குள் பெயர் கொள்ளாத
அந்த ஸ்டேஷனும் தாண்டி.

வீடு அந்த வீடு இல்லை.
எண்பத்தாறில் இடித்துக் கட்டியது.
பார்க்க வந்தவளுக்குப் பார்க்க
ஒரு செங்கல் இல்லை.
மீட்டரும் புதுசு, பிளாஸ்டிக் கண்ணாடி,
சிவப்பாய் ஒரு புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது.
அதற்குள் எங்கேயோ தாத்தா.

ஹைமாவதி பாலிதீன் உறை ஒன்றைப் பிரித்தாள்.
கிரயப் பத்திரம்.
தமிழில்.
எழுபது வருடமாய் அந்த வீட்டில்
யாராலும் படிக்க முடியாத காகிதம்.
"என்ன போட்டிருக்கு, சதவண்டி."

படித்தேன்.
மேற்படி சீட்டுப்பணம் எடுத்துக் கட்டாத வகையில்
கோர்ட் டிகிரி பாக்கியை
ஜப்திக்கு முன் தீர்க்க வேண்டி
ரூபாய் ஆயிரத்து நூற்றைம்பது ரொக்கமாய்ப் பற்றிக்கொண்டு

தேதியை இரண்டு முறை பார்த்தேன்.
ஐம்பத்திரண்டு, ஆனி.
கோடு வர இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"ஏமைந்தி?"
ஒன்றுமில்லை,
எழுத்து மங்கலாயிருக்கு என்றேன்.

புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த்
தாங்களே அனுபவித்துக்கொள்வீராகவும்.
அப்படின்னா யாரு?
நீங்கதான்.
"நான் மருமகள்" என்றாள் ஹைமாவதி,
சிரிக்காமல்.

உப்புமா கொடுத்தாள். ஊறுகாய் கண்ணில் நீர் வரவைத்தது,
வசதியாய்ப் போயிற்று.
மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டேன்,
ஆட்சேபணை இல்லை,
ஆட்சேபணை இல்லை,
மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது,
அவள் மகன் தன் ஜெல் பேனாவைத் தந்தான்.

பாக்கி முந்நூற்றுப் பன்னிரண்டை
நானே கட்டிவிடுகிறேன் என்றதற்கு
விடவில்லை.
எரித்தது நாங்கள் என்றாள்.

அரக்கோணம் வந்து சேரும்போது ஒன்பது மணி.
அப்பா தூங்கவில்லை.
அன்று அவருக்குப் பதினோரு வயது.
அமீனா வந்து நின்ற காலையை
அவர் பார்த்திருக்கத்தான் வேண்டும்.
கேட்கவில்லை.
"எப்படியிருக்கு நம்ம வீடு?" என்றார்.

கரண்ட் இருக்குப்பா என்றேன்.