செலவுக் கணக்கு

மரபு குன்றாத கிராமம் என்றொரு போட்டி.
வெள்ளிக்கிழமை நடுவர்கள் வருகினமாம்.
சனசமூக நிலையத்துப் பொருளாளர் என்ற முறையில்
பருத்தித்துறைக்குப் போய்
இரண்டு வாளி எனாமல் பெயின்ற் வாங்கினது நான்.
பற்றுச்சீட்டு இருக்கிறது.

தெருமூடி மடத்துத் தூண்களுக்கு ஒரு பூச்சு.
தண்ணீர்த் தொட்டிக்குப் பாசி சுரண்டி இன்னொன்று.
சுமைதாங்கியில் எப்போதும் சாய்ந்து கிடக்கும்
கோபிதாசின் சைக்கிளை எடுக்கச் சொன்னோம்.
"அப்ப அது இனி என்னத்தைத் தாங்கிறது?"
கேட்டுவிட்டு உருட்டிக்கொண்டு போனான்.

மடத்துச் சுவரில் ஷெல் போட்ட ஓட்டையை
அடைப்பதா விடுவதா என்று
இரவு பத்தரை வரை கூட்டம்.
அதுவும் மரபுதான் என்றார் பரஞ்சோதி மாஸ்டர்.
"மரபில்லை. எங்கட வீட்டுக்கு வந்தது,
தவறி அங்க விழுந்தது" என்றாள் செல்வமலர்.
கூட்டறிக்கையில் இரண்டையும் எழுதினேன்.
ஓட்டைக்குள் மைனா முட்டையிட்டிருந்தபடியால்
தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆவுரோஞ்சிக் கல்லையாவது
விட்டிருக்கலாம்.
எத்தனை தலைமுறை மாடு உரஞ்சி
இடுப்பு மெலிந்த கல்.
அதற்கும் அடித்தோம், இரண்டு தரம்,
அடியில் ஒரு நீலக் கோடும்.

வெள்ளி. ஒரு வான், மூன்று நடுவர்கள்.
நுங்கு சீவிக் கொடுத்தோம்.
"தொட்டியில தண்ணி இல்லையே" என்றார்
கண்ணாடி போட்ட அம்மையார்.
விடிய மோட்டர் போட்டு நிரப்பினதுதான்,
ஆடுகள் வந்து போயிருந்தன.

அந்த நேரம் பார்த்து
தவமலர் வீட்டுச் சிவலைப் பசு
அறுந்த கயிற்றை இழுத்தபடி ஒழுங்கையால் வந்தது.
கல்லை மணந்தது. யோசித்தது.
பெயின்ற் காயவில்லை என்று
அதற்கு யார் சொல்வது?

கழுத்தில் தொடங்கி, விலா, தொடை,
திரும்பி மற்றப் பக்கம்,
கண் பாதி செருக,
அவசரமே இல்லாமல்.
நடுவர்கள் பேனையை மூடி நின்று பார்த்தார்கள்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அது போகும்போது உடம்பில் எங்கள் வெள்ளை,
காலடியில் எங்கள் நீலம்.
கல்லின் இடுப்பில்
பழைய கருமை திரும்பப் பளபளத்தது.

முடிவு இன்னும் வரவில்லை.
சைக்கிள் சுமைதாங்கிக்குத் திரும்பிவிட்டது.
இந்த மாதக் கணக்கில் எழுதியிருக்கிறேன்:
பெயின்ற், இரண்டு வாளி.
மடம், தொட்டி, கல்,
மாடு ஒன்று.